குளத்து ஷட்டர தூக்குற ராடு கொண்டாந்த கீழூர் தாத்தாவுக்கும் மத்த எல்லாருக்கும்

கரண்டு நேத்து ராத்திரிதான் வந்துச்சு, அதான் இப்ப எழுதுறேன். நடந்தத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுன மழை நம்மள மட்டும் விட்டா வைக்கும். சுத்துவட்டாரத்துல எத்தனையோ குளம் ஒடைஞ்சிருச்சு, நம்ம குளம் நிக்குது. எப்படி நின்னுச்சுன்னு வெளியூர்ல இருக்க பிள்ளைகளுக்குத் தெரியணும்.

கீழூர் தாத்தா ஒருத்தர். பேரு போடாதன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி மறுகால் ஷட்டர (குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணிய வெளிய விடுற கதவு) திருகித் தூக்க ராடு இல்ல, ராடு வச்சிருக்கவரு வர்றதுக்கு ரோடே இல்ல, அவரக் குத்தம் சொல்லி என்ன செய்ய. நம்ம பயலுவ மண்ணு மூட்டையோட கரையில நின்னு கத்திக்கிட்டு கெடக்கும்போது இவரு பேரனக் கூட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணிக்குள்ள வாராரு, தோள்ல யூரியா சாக்கு சுத்துன நீளமா ஒரு சாமான். பிரிச்சா ராடு! துரு ஒரு பொட்டு இல்ல, கிரீஸ் கையில ஒட்டுது. ஷட்டர் போட்ட காலத்துலயே பட்டறையில அளவு குடுத்து அடிச்சு வச்சதாம். அவரு அப்பா மடைக்குடும்பனா, அதாவது குளத்து மடையத் தொறந்து அடைச்சுப் பாத்துக்கிற ஆளா இருந்தவரு, அந்தப் பழக்கத்துல வருசாவருசம் ஆடி மாசம் எடுத்து தொடச்சு வைப்பாராம், யாரும் கேக்கவும் இல்ல, கூலி குடுக்கவும் இல்ல.

"ஒரேயடியா தூக்காதிய, நாலு திருகு திருகிட்டு நில்லுங்க, கீழத்தெரு ஆளுக மேட்டுக்கு ஏறட்டும்"னு பேரன முன்னால தகவல் சொல்ல ஓட விட்டாரு பாருங்க, அது நமக்கு யாருக்கும் தோணல. தொறந்த தண்ணி மொதல்ல பாஞ்சது அவரு வாழைக்குள்ளதான்.

கடக்கரையில இருந்து லாரில ஃபைபர் படக ஏத்திட்டு வந்த தம்பிமாருக்கு, பள்ளிவாசல்ல ஆக்கி அனுப்புன சோத்துக்கு, சர்ச்சுல இடம் குடுத்தவங்களுக்கு, குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுன மைனிமாருக்கு எல்லாருக்கும் கோடி நன்றி. ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோன ரயில்காரங்களுக்கு புதுக்குடி ஊர்க்காரங்க சமைச்சுப் போட்டதும் பேப்பர்ல வந்துச்சு, அதுவும் ஊர் கூடிப் பண்ணுன காரியம்தான்.

ஒரு விசயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. மருதூர், ஸ்ரீவைகுண்டம் ரெண்டு அணைக்கட்டுக்கும் சேத்து நாலு வாய்க்கால், 53 குளம். மடையப் பாக்க ஊரே ஆளு வச்சு, அறுப்புக்களத்துல நெல்லு அளந்து குடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு. நெல்லு போயி வாழை வந்துச்சு, களமும் போச்சு, அளக்குறதும் நின்னுச்சு, குளத்துக்கு ஆளு இல்லாமப் போச்சு. எவ்வளவு சிமெண்ட் போட்டாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு மடை எங்க கசியுதுன்னு பாக்க ஒரு ஆளு வேணும்லா. அதுக்காக பழைய மாதிரியே ஒரே தெரு ஆளுக தலையில அந்த வேலையக் கட்டுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எல்லாத் தெருவுல இருந்தும் மொறை வச்சு ஆளு வரணும், சம்பளம் ரொக்கமா ஊர்ப் பணத்துல இருந்து போகணும்.

பொங்கல் கழிச்சு ஊர்க்கூட்டம் வச்சிருக்கோம், கீழூர்லயும் வாரோம்னு சொல்லியாச்சு. குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஊர் பிரிக்கிற தலைக்கட்டு வரியோட மடைக்குன்னு தனியா ஒரு தொகை பிடிக்கணும்னு பேசப்போறோம். துபாய்ல, சென்னைல இருக்கவங்க பணத்த அனுப்பிட்டு ஒதுங்கிராம லீவுக்கு வரும்போது ஒரு நாளாவது கரையில வந்து நில்லுங்க. தாத்தா வாழைக்கு என்ன செய்யலாம்ங்கிறத கூட்டத்துல மொதல் பேச்சா எடுக்கணும், அவரு வேண்டாம்னுதான் சொல்லுவாரு, கேக்கக் கூடாது.