தூக்கத்துக்குப் பாட்டு, காதுக்குக் கணக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து அப்பா. இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வருகிறது, எழுந்தால் காதில் 'ஙொய்' என்கிறது என்று சொன்னாய். போனில் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாத்திரை மாதிரி அதற்கும் அளவும் வேளையும் உண்டு, அவ்வளவுதான்.

முதலில் அந்த இரைச்சல். உள்காதில் ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. ஓரிரு நாளில் இரைச்சல் அடங்கிவிட்டால் அது களைப்பு. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஈ.என்.டி. டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடு, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படம் அது. சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கூர்மையான ஒலிப் பக்கம்தான் அந்தப் படத்தில் முதலில் பள்ளம் விழும். வீட்டுப் பேச்சு நன்றாகவே கேட்கும், கல்யாண மண்டபத்தில் மட்டும் 'என்னது, என்னது' என்று கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் பலர் டாக்டரிடம் தாமதமாகப் போகிறார்கள். திடீரென ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே, அன்றைக்கே போ.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சத்தம் 80 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்காகும், கேட்கும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 90ஐத் தொட்டால் வாரம் முழுக்கவே 4 மணி நேரம்தான். படுக்கையில் மெதுவாகத்தான் வைக்கிறேன் என்பாய். சரி, கம்பெனி பஸ்ஸில் வைப்பதும் அதே கணக்கில்தானே சேரும்? உன் ஐபோன் செட்டிங்ஸில் 'ஹெட்போன் சேஃப்டி' என்று ஒன்று இருக்கிறது. அதில் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் பட்டனை ஆன் செய்து 80இல் நிறுத்திவிடு.

பஸ்ஸில் சத்தம் கூட்டத் தோன்றுவதற்குக் காரணம் இரண்டு. எஞ்சின் இரைச்சல் பாட்டின் அடிச்சுருதியை விழுங்குகிறது. இன்னொன்று, இயர்போன் முனையில் இருக்கும் சிலிக்கோன் ரப்பர். அது உன் காதுக்குச் சிறியதாக இருந்தால் பக்கவாட்டில் இடைவெளி விழுந்து அந்த அடிச்சுருதி முழுக்க ஒழுகிவிடும், நீ வால்யூமை ஏற்றுவாய். டப்பாவில் பெரும்பாலும் மூன்று அளவு கொடுத்திருப்பான், யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை. மாட்டியதும் உன் குரலே உனக்குப் பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்டால் சரியான அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்றும் இல்லை. வாரம் ஒருமுறை அந்த ரப்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. ஈரத்தோடு மணிக்கணக்கில் காதை அடைத்து வைத்தால் காளான் தொற்று வரும். அழுக்கு எடுக்கிறேன் என்று காது குடையும் பட்ஸ் விடாதே, அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

இனி தூக்கம். இயர்போன் வேண்டாம். சின்ன ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காமல் அறையின் எதிர்மூலையில் வை, பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பேசினால் பாட்டை மீறிக் கேட்கிற அளவுக்கு. நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரும் மெதுவான இசையாக இருக்கட்டும். பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு என்று விரலால் எண்ணி நான்கால் பெருக்கினால் வேகம் தெரிந்துவிடும். 45 நிமிடத்தில் தானே நிற்கும்படி டைமர் போடு. விளம்பரம் வரும் இலவச ஆப் கூடவே கூடாது, கண் அசரும் நேரத்தில் எவனாவது கடன் வேண்டுமா என்று கத்துவான்.

தெரிந்த சினிமாப் பாட்டை வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்த வடிவம் தூக்கத்துக்கு நல்லது என்று நினைக்கிறோம். 2021இல் வந்த ஓர் ஆய்வில் விளைவு நேர்மாறாக இருந்தது. வார்த்தையை எடுத்துவிட்டால் மனசு தானே வரியை நிரப்பிக்கொள்கிறது, பாட்டு நின்ற பிறகும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் உனக்கு வரி தெரியாத இசையாக எடு. ஒரே பட்டியலையே மூன்று வாரம் போடு, முதல் இரண்டு நாளில் பலன் தேடாதே. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள் நீ. ஜன்னலுக்குக் கனத்த திரை போடாமல் பாட்டை மட்டும் நம்பினால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 2006இல் இத்தாலியில் ஆறு வகை இசையைக் கேட்க வைத்து இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் அளந்தார்கள், அதில் நம் நாட்டு ராகமும் ஒன்று. வேகம் ஏற ஏற இவை ஏறின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, தொடக்கத்தில் இருந்ததைவிடவும் கீழே இறங்கின. ஷிப்ட் முடிந்து வந்ததும் பத்து நிமிடம் கேள், நிறுத்து, சும்மா உட்கார்.

நடைக்கு இதெல்லாம் வேண்டாம். 120 முதல் 140 தட்டு வரும் டோலக் கானாவோ குத்துப் பாட்டோ போட்டுக்கொண்டு நட, அலுப்பு குறைவாகத் தெரியும். ஊருக்கு வந்தால் டி.எச். ரோட்டில் மட்டும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்காதே, கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்காது. கோடிங் எழுதும்போது வரி இல்லாத இசை. வரி இருந்தால் எழுதும் சொல்லோடு அது மோதும்.

பெரியம்மா வாட்ஸ்அப்பில் இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் பிரஷருக்கு என்று பட்டியல் அனுப்பியிருக்கிறாள். நீலாம்பரி ராகத்தில் தூக்கம் வருவது அதன் நிதானத்தால் என்பது என் எண்ணம். ராகத்தைக் கேட்கலாம், அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆடித் திருவிழாவுக்கு வருகிறாயே, பாக்ஸ் ஸ்பீக்கர் முன்னால் நிற்காதே. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், நம் சந்தில் சுவர் இரண்டு பக்கமும் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. மெடிக்கலில் கிடைக்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) காது அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடி. உருட்டாமல் திணித்தால் பாதிகூடத் தடுக்காது.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. அடுத்த மாதம் ஆயாவுக்கு முட்டி ஆபரேஷன். 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையவில்லை. ஆயாவையே கேட்டு அவள் சொல்லும் பழைய பாட்டாக முப்பது நாற்பது சேர்த்து அனுப்பு, நீயாகத் தேர்ந்தெடுக்காதே. ஒயர் உள்ள, காதுக்கு மேலே உட்காரும் ஹெட்போன் வாங்கு. ஒரு காதில் மட்டும் வைத்துவிடுகிறேன், நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

அன்புடன்,
அப்பா