பள்ளிப்பாட்டில் ஒரு சொல்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் பழைய பள்ளியின் பாட்டில் வரும் 'சன்ஸ்' (மைந்தர்கள்) என்ற சொல்லை 'சன்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' என்று மாற்றலாம் என்று பள்ளிக் கமிட்டி சொன்னதும், "நூறு வருஷப் பாட்டில் கை வைக்க இவர்கள் யார்?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகிவிடும், நடுவில் யாராவது குட்மார்னிங் படம் வேறு போடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களோடு படித்தவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் படித்த காலத்தில் அது ஆண்கள் பள்ளி. பாட்டை எழுதிய பாதிரியாரின் எதிரே நின்றவர்கள் பையன்கள் மட்டும்தான். 'சன்ஸ்' என்று அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. இப்போது ஆறாம் வகுப்பிலிருந்தே பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்கள் பேத்தி உட்பட. அந்த வரி வரும்போது என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டேன். "வாயை மட்டும் அசைப்பேன் அத்தை. பின்னாடி நிக்கிற பசங்க அந்த இடத்துலதான் வேணும்னே கத்துவாங்க" என்றாள். அந்தச் சொல் எல்லோரையும்தான் குறிக்கிறது என்கிறீர்கள். கத்துகிற பசங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். 'ஓல்ட் நாஸாவ்' என்ற அவர்களுடைய பாட்டை 1859-ல் ஒரு மாணவர் எழுதினார். முதலில் 'ஆல்ட் லாங் சைன்' என்ற பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டில் பாடிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பிறகுதான் கார்ல் லாங்லாட்ஸ் என்பவர் புது மெட்டுப் போட்டார். இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969-ல். ஆனால் பாட்டு மாறியது 1987-ல். அதுவரை 18 வருஷம் அந்தப் பெண்களும் 'மைந்தர்கள்' என்றுதான் பாடியிருக்கிறார்கள்! மாற்றிய விதம்தான் எனக்குப் பிடித்தது. "ஹெர் சன்ஸ் வில் கிவ்" (அவள் மைந்தர்கள் தருவார்கள்) என்ற இடத்தில் "அவர் ஹார்ட்ஸ் வில் கிவ்" (நம் இதயங்கள் தரும்) என்று போட்டார்கள். அடுத்து வரும் 'தே' (அவர்கள்) என்பது 'வி' (நாம்) ஆனது. அவ்வளவுதான். பாடிப் பாருங்கள், தாளம் எங்கேயும் இடறாது.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பாட்டுக்குத் தொப்பியைக் கழற்றி வீசி ஆட்டுவது வழக்கமாக இருந்தது. தொப்பி போடும் பழக்கம் போய்விட்டது, இன்று வெறும் கையைத்தான் வீசுகிறார்கள். மரபு கெட்டுவிட்டது என்று அதற்காக யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

அமெரிக்காவிலேயே டார்ட்மவுத் கல்லூரியில் பாட்டின் தொடக்கமே 'மென் ஆஃப் டார்ட்மவுத்' (டார்ட்மவுத்தின் ஆண்களே) என்றுதான் இருந்தது. 1972-ல் பெண்கள் வந்தார்கள், 1988-ல் அது 'டியர் ஓல்ட் டார்ட்மவுத்' ஆனது. பழைய மரபுகள் வீழ்ந்துவிடாமல் காவல் இருங்கள் என்று அதே பாட்டில் ஒரு வரி உண்டு. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

எழுதியவரின் சொல்லைத் தொடக்கூடாது என்பது உங்கள் பெரிய வாதம். சரி, தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொள்வோம். 1891-ல் வந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் சுந்தரம் பிள்ளை எழுதிய பாடல் அது. 1970-ல் அரசு அதை விழாக்களுக்கு எடுத்துக்கொண்டபோது, ஆரியம் உலக வழக்கழிந்தது என்று சொல்லும் பகுதியையும் வேறு சில வரிகளையும் விட்டுவிட்டார்கள். நீங்கள் எழுந்து நின்று நெஞ்சு நிமிர்த்திப் பாடுவது அந்தச் சுருக்கிய வடிவத்தைத்தான். பிறரைப் புண்படுத்த வேண்டாம் என்று ஒரு வரியை விடலாம் என்றால், கூட நிற்கிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள ஒரு சொல்லை மாற்றக்கூடாதா?

பழையது என்று நாம் பிடித்துக்கொள்வது அவ்வளவு பழையதாக இருப்பதும் இல்லை. கனடாவின் தேசிய கீதத்தில் இருந்த 'சன்ஸ்' என்ற சொல்லை 2018-ல் எடுத்தபோது, மரபு போச்சு என்று அங்கேயும் கூச்சல்தான். ஆனால் 1908-ல் ராபர்ட் ஸ்டான்லி வியர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் வடிவத்தின் அந்த வரியில் 'சன்ஸ்' கிடையாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் அது உள்ளே வந்தது.

ஆனால் ஒன்றில் நான் உங்கள் பக்கம். கமிட்டிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் 'சன்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு அசை இருந்த இடத்தில் நான்கைத் திணித்தால் பிள்ளைகள் மூச்சுவிட எங்கே போவார்கள்? கூட்டத்தில் தீர்மானம் போடுகிறவர்கள் யாரும் அதைப் பாடிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீங்கள் அந்தப் பள்ளியின் பாடகர் குழுவில் இருந்தவர். மெட்டு இன்னும் உங்கள் நாக்கில் இருக்கிறது. கூட்டத்துக்குப் போய் எதிர்த்து ஓட்டுப் போடுவதற்குப் பதிலாக, பாட்டு டீச்சரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அந்த இடத்துக்குப் பொருந்துகிற ஒற்றை அசைச் சொல் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். 'ஹார்ட்ஸ்' வேண்டாம், அது பிரின்ஸ்டன்காரர்களுடையது.

உங்கள் செட் ஆட்கள் கூடும்போது பழைய வரியையே பாடிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? காலை அசெம்பிளிக்கு மட்டும் புதிய வரி.

உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் 'ஓல்ட் பாய்ஸ் அசோசியேஷன்' என்ற பெயர்ப்பலகையைப் பற்றி அப்புறம் பேசலாம். ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்