சேகருக்கு, மஞ்சள் சட்டை விஷயமாக

கிள்ளான்
6.9.2015

அன்புள்ள சேகர்,

போன திங்கட்கிழமை கவிதாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பட்டர்வொர்த் வந்து சேர்ந்ததும் நீ "வந்துட்டா" என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினாய். நாற்பது வருஷமாக உன்னைத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? கோபம் இன்னும் தீரவில்லை என்று புரிந்துகொண்டேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கோலாலம்பூரில் கூடிய அந்தப் பெர்சே பேரணிக்கு நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆகஸ்டு இரண்டாம் வாரம் அவளாகவே போன் செய்து, "மாமா, பெர்சேக்குப் போகணும், உங்க வீட்ல ரெண்டு நாள் தங்கலாமா?" என்று கேட்டாள். அப்பாவிடம் கேள் என்றேன். நீ என்ன சொன்னாய்? "அந்தக் குணா மாமாகூடப் போறதா இருந்தா போ." நல்லது நடந்தால் உன் பெருந்தன்மை, கெட்டது நடந்தால் என் தலை. சரி, பரவாயில்லை.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2011 ஜூலை 9 பெர்சே பேரணி எனக்கும் மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நாம் அதைப் பற்றி ஒரு தடவைகூட முழுசாகப் பேசியதில்லை, கவனித்தாயா? ஏதோ பங்குனி உத்திரத்துக்குப் போகிற மாதிரி இரண்டு பேரும் கிளம்பினோம். நீ புதுத் தோல் செருப்பு. என் போனில் பாதி சார்ஜ்கூட இல்லை. உன் வீட்டிலும் என் வீட்டிலும் சொன்னது, நண்பன் வீட்டுக் கல்யாணம். ஸ்டேடியம் மெர்டேக்காவுக்குப் போகிற வழியெல்லாம் அடைத்திருந்தது. கூட்டம் புடுராயா பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பியது, நாமும் திரும்பினோம். அப்புறம் கண்ணீர்ப்புகை, அதற்கு மேல் அந்த மழை. ஜாலான் புடுவில் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே புகைக்குண்டு வந்து விழுந்ததைப் பிறகு நாடே பேசியது. நாம் அங்கிருந்து இருநூறு அடி தூரத்தில்தான் நின்றிருப்போம். எல்லோரும் ஓட, நாமும் ஓட, திரும்பிப் பார்த்தால் நீ இல்லை.

யாரென்றே தெரியாத ஒரு மலாய்ப் பையன் என் கையில் உப்புப் பொட்டலத்தைத் திணித்து, நாக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னான். வைத்துக்கொண்டேன். உப்பு ஒன்றும் செய்யாது, சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவுவதுதான் வழி என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பையன் பக்கத்தில் நின்றதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. உன்னைத் தேடி மூன்று மணி நேரம் அலைந்தேன். எங்கே சந்திப்பது என்று நாம் பேசியே வைக்கவில்லையே, எங்கே போய்த் தேடுவது? அன்று ஒரே நாளில் 1,600 பேருக்கு மேல் பிடித்தார்கள். நீயும் அதில் ஒருத்தன் என்று முடிவு கட்டிவிட்டு, தங்கச்சிக்கு எப்படிச் சொல்வது என்று வாசகம் யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு ஒற்றைச் செருப்போடு நீ என் வீட்டு வாசலில் நின்றாய். "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாய். நானும் உனக்குத் தைரியம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்று நமக்குத் தைரியத்தில் குறை ஒன்றும் இல்லை. திட்டம்தான் துளிகூட இல்லை.

உன் மகள் வெள்ளிக்கிழமை இரவு என் சாப்பாட்டு மேசையில் பையைக் கொட்டிப் பரப்பியபோதுதான் இது உறைத்தது. அவளோடு கல்லூரித் தோழிகள் இரண்டு பேர், ஒரு சீனப் பெண்ணும் ஒரு மலாய்ப் பெண்ணும். என்னையும் சேர்த்து நான்கு பேர். இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். என்ன ஆனாலும் ஜோடி பிரியக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் சேர்ந்துதான். தவறிப்போனால் சந்திக்க இரண்டு இடம்: பக்கத்தில் மேடான் பசார் மணிக்கூண்டு, அங்கே போக முடியாவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற கடை. கூட்டத்தில் இணையம் வேலை செய்யாது, ஆனால் எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைந்துவிடும் என்பதால் மணிக்கு ஒரு தடவை உன் அண்ணிக்கு ஒரு எஸ்எம்எஸ். வீட்டில் இருக்கும் ஒருத்தருக்கு நம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்றாள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன நாம் எங்கே, இவள் எங்கே!

பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்று குடிக்க, ஒன்று கண் கழுவ. கான்டாக்ட் லென்சைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவில் புகை சிக்கினால் எரிச்சல் போகவே போகாதாம். முழங்கை மறைகிற பருத்திச் சட்டை, கயிறு கட்டிய ஷூ. உன் செருப்பு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஆப்பிள் நறுக்க உன் அண்ணி வைத்த சின்னக் கத்தியை எடுத்து வெளியே வைத்தாள். பழக் கத்தி என்று நமக்குத் தெரியும், சோதனையில் பார்க்கிறவருக்கு அது ஆயுதம். மைகாட் அடையாள அட்டை சட்டைப் பைக்குள். போனில் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு நீளமான எண் பூட்டு.

கடைசியாக மார்க்கர் பேனாவை எடுத்து, என் முன்கையில் வழக்கறிஞர் எண்ணை எழுதினாள். போனைப் பிடுங்கிவிட்டால் யாருக்கு எந்த எண் மனப்பாடம் என்று கேட்டாள். எனக்கு உன் பழைய வீட்டு எண் மட்டும்தான் மனப்பாடம். அந்த வீட்டையே நீ 1998இல் விற்றுவிட்டாய்.

பிடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். வழக்கறிஞர் மன்றம் போட்ட சிவப்புப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறாள். கையை உதறாதே, வாக்குவாதம் செய்யாதே. "என்னைக் கைது செய்கிறீர்களா? என்ன காரணம்? எந்த ஸ்டேஷன்?" இந்த மூன்றையும் மரியாதையாகக் கேள். பெயர், அடையாள அட்டை எண் கொடு. விசாரணைக்கு முன்னால் வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இதையெல்லாம் ஒரு பிள்ளையிடம் கற்றுக்கொள்கிறேன் பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் தகராறு, பெர்சே பெயர் போட்ட அந்த மஞ்சள் சட்டை. உள்துறை அமைச்சு தடை போட்டது உனக்கும் தெரியும். டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்கு மாநகராட்சி அனுமதி தரவில்லை, பேரணியே சட்டவிரோதம் என்று போலீஸ் சொல்லிவிட்டது, இதில் சட்டை வேறா என்றேன். அவள் சொன்னது: "மாமா, வர்றதுன்னு முடிவு பண்ணதே ஒரு ஆபத்துதான். சட்டை இன்னொரு ஆபத்து. ரெண்டையும் தெரிஞ்சுதான் செய்யறேன். உங்களைப் போடச் சொல்லலையே." நான் சாம்பல் நிறச் சட்டையில் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் ஊரே மஞ்சள். மஞ்சளில்லாமல் நின்றவர்களில் நானும் ஒருத்தன். போலீஸ் உளவாளி என்று நினைத்தார்களோ என்னவோ.

கெலானா ஜெயாவில் காரை விட்டுவிட்டு எல்ஆர்டி ரயில் பிடித்தோம். ஐந்து இடத்தில் கூடச் சொல்லியிருந்தார்கள், நாங்கள் பசார் செனி போனோம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. முதல் வேலையாகக் கவிதா மேடை எங்கே என்று பார்க்கவில்லை, சந்து எங்கே என்று பார்த்தாள். நான்கு பேரையும் கூட்டத்தின் ஓரமாகவே நடத்தினாள். நடுவில் மாட்டினால் நம் காலால் நடக்க முடியாது, கூட்டம்தான் நம்மை நடத்தும். நெரிசல் வந்தால் கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி, எதிர்த்துத் தள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே ஓரத்துக்கு நகர வேண்டும். புகை வந்தால் ஓடாதே, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வேகமாக நட, கண்ணைக் கசக்காதே. 2012 பெர்சே பேரணியில் டத்தாரான் தடுப்பைச் சிலர் தாண்டியதற்கு அப்புறம்தான் புகையும் தண்ணீர் பீரங்கியும் வந்தன. அதனால் தடுப்புக்கு முன்னால் யாராவது கத்த ஆரம்பித்தால் வேடிக்கை பார்க்க நிற்காமல் பின்வாங்கு. இத்தனையும் ரயிலில் வரும்போதே எங்களுக்கு ஒப்பித்துவிட்டாள். கடைசியில் ஒன்றுமே தேவைப்படவில்லை. இரண்டு நாளும் ஒரு புகைக்குண்டு வெடிக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் வியர்த்து நின்றார்கள், இந்தப் பக்கம் நாங்கள் வியர்த்து உட்கார்ந்திருந்தோம். என்னைப் படுத்தியது அந்த வுவுசேலா ஊதல்தான், காதுக்குள் இன்னும் ஊதுகிறது.

இரவு ரோட்டிலேயே பாய் போட்டுப் படுக்க அவளுக்கு ஆசை. அதில் மட்டும் நான் உன் பக்கம் நின்றேன். தோழிகள் இருவரும் பெரிய கூட்டத்தோடு தங்கினார்கள், நாங்கள் பத்து மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டு மறுநாள் போனோம். முணுமுணுத்தாள், ஆனாலும் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன். மசூதி ஜாமெக் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் இனிப்பு நீர் மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் திரும்பிப் பார்த்து, "மாமா, ஏன் குளறுறீங்க?" என்றாள். பையிலிருந்து மிட்டாயும் பாக்கெட் மைலோவும் எடுத்துக் கொடுத்து, நிழலுக்கு நடத்தி, மருத்துவத் தொண்டர்களிடம் உட்கார வைத்தாள். மிட்டாய் எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான், அத்தை சொன்னாங்க." நான் அவளுக்குக் காவலாகப் போனேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தயவுசெய்து அப்படியே நினைத்துக்கொள்.

நீ கேட்கப்போகிற கேள்வியும் தெரியும். இத்தனை செய்து என்ன ஆனது? பிரதமர் நஜிப் பதவியில்தான் இருக்கிறார். அவர் கணக்குக்கு 260 கோடி வெள்ளி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. கேட்ட துணைப் பிரதமரை ஜூலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாலருக்கு நான்கு வெள்ளியும் தாண்டிவிட்டது. கூட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒன்று: ஏற்பாட்டாளர் சொல்வதற்கும் போலீஸ் சொல்வதற்கும் நடுவில் ஒரு ஊரையே குடிவைக்கலாம். இன்னொன்றும் உண்மைதான், மலாய்க்காரர்கள் முன்பு வந்த அளவுக்கு வரவில்லை, நம்மவர்களும் குறைவு. கவிதாவின் மலாய்த் தோழி வீட்டில் சொல்லாமல் வந்திருந்தாள். நம் கல்யாணக் கதைதான். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிடிபட்டால் அவளைத் தேடி யார் வருவார்கள்? கவிதாவுக்கு அந்தக் கவலை இல்லை. நீ கோபமாக இருந்தாலும் உனக்குத் தெரிந்திருந்தது, எந்த நேரத்தில் எங்கே என்று. அவள் கேட்டபோது நீ முடியாது என்று சொல்லியிருந்தால் அவளும் இப்படித்தான் வந்திருப்பாள், என் வீட்டுக்கு வராமல்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்குக் கிளம்புவது என்று முதலிலேயே பேசியிருந்தோம். கடைசி நேரத்தில் ஸ்டேஷனில் நெரிசல் இருக்கும் என்பது அவள் கணக்கு. பத்தரைக்கு எனக்கு மனசு மாறிவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தால் சுதந்திர நாள் பிறக்கும், அத்தனை பேரும் சேர்ந்து பாடுவார்கள், இருப்போமே என்று கெஞ்சினேன். "பேசுனது பேசுனதுதான் மாமா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அசல் நீதான். கெலானா ஜெயா கார் பார்க்கில் கதவைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு. எங்களைப் போலவே முன்னால் கிளம்பி வந்த பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே தங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரோ ஒருத்தர் நெகாராகூ தேசிய கீதத்தை ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டோம், சுருதி சேரவில்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். மூட்டுவலிக்கு அந்தத் தைலத்தை விட்டுவிட்டு ஒழுங்காக டாக்டரைப் பார்க்கச் சொல். கவிதா அவசரத்தில் அந்த மஞ்சள் சட்டையை இங்கேயே விட்டுவிட்டாள். உன் அண்ணி துவைத்து, இஸ்திரி போட்டு, என் வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். தடை செய்யப்பட்ட பொருளைத் தபாலில் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. தீபாவளிக்கு நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்
குணா