இறங்கும் பாதைக்குக் கைப்பிடி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களைக் காட்டுப் பாதைகளில் விடக் கூடாது, பினாங்கின் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்து ஏற வயது வரம்பு வைக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். வழி தவறியவர்களைத் தேடி மீட்புப் படையினர் இருட்டில் அலைய வேண்டியிருக்கிறதே என்ற அவருடைய கவலை நியாயமானது. ஆனால் வயது வரம்பை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலையில் விழுந்து வந்த முதியவர்களைவிட, வீட்டுக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைத்தான் வார்டில் அதிகம் பார்த்திருக்கிறேன். நடமாட்டம் குறைந்து, கால் வலுவிழந்து போனவர்கள் அவர்களில் பலர்.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது தசைக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. வேரைத் தாண்டி, கல்லில் பார்த்துக் கால் வைத்து ஏறுகிறவருக்கு இவை அனைத்தும் ஒரே நடையில் கிடைத்துவிடும். அதுவும் நம்மவர்களுக்கு இது இன்னும் தேவை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம்.

காலையில் தாவரவியல் பூங்கா பக்கம் போனால் மூன் கேட் வட்ட வாசல் வழியாகச் சீன முதியவர்கள் கூட்டமாக மலை ஏறுவதைப் பார்க்கலாம். 84-ஆம் நிலையம் போன்ற இளைப்பாறும் இடங்களில் தன்னார்வலர்கள் தேநீர் வைத்துக் காத்திருப்பார்கள். யார் போனாலும் ஒரு கோப்பை உண்டு. அங்கே நம் முகங்களைக் காண்பது அரிது. பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளைத் தைப்பூசத்தன்று ஏறிவிடுகிற நம் அம்மாக்களும் அப்பாக்களும் காட்டுப் பாதை என்றதும் ஏன் பின்வாங்க வேண்டும்? விடியும் முன்னே எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் வாளியோடு நடந்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை அது. அட்டைக்கும் சேற்றுக்கும் அஞ்சியவர்கள் இல்லை. பெரும்பாலும் அவர்களைத் தடுப்பது பிள்ளைகள்தான். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்ற கேள்வியில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த அன்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே நடந்து வாருங்கள் என்றுதான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்கிறேன்.

சரி, ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. அது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது மூச்சு வாங்கும், நாமாகவே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் களைப்பும் தெரியாது. ஆனால் அப்போதுதான் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையை முட்டி தாங்கிப் பிடிக்கிறது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தத் தசை சோர்ந்தால் முட்டி மடங்கிவிடும். பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர்தான், தார் போட்டதுதான். ஆனாலும் அதன் செங்குத்தில் இறங்கி வந்தவர்களைக் கேளுங்கள், இரண்டு நாளைக்கு வீட்டு மாடிப்படியில் இறங்கவே முடியவில்லை என்பார்கள்.

இதற்குப் பினாங்கில் ஒரு நல்ல வழி உண்டு. நடந்து ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அது. முன்பு நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-இல் புதிய ரயில் வந்தபின் அந்தத் தொல்லையும் இல்லை. இறங்குவதற்கு மட்டும் சீட்டு வாங்கலாம். ரயில் ஆயர் ஈத்தாம் பக்கம் இறக்கிவிடும் என்பதால் காரைப் பூங்காவில் விட்டுப் போகாதீர்கள், பஸ்ஸில் போவது நல்லது. ரயிலில் திரும்பினால் ஏறியதற்கு அர்த்தமில்லை என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியதை ஏற்றமே கொடுத்துவிட்டது. முட்டியைத் தேய்த்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறோம்?

உச்சி வரை போக முடியாதவர்கள் முதல் இளைப்பாறும் இடத்தோடு திரும்பலாம், கையில் ஊன்றுகோலோடு. ரப்பர் முள் வைத்த கம்போங் அடிடாஸ் காலணி சேற்றில் நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. ஆனால் அடிப்பாகம் மெல்லியது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தடித்த காலுறையோடுதான் போட வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை அளவு திடீரென இறங்கினால் சாப்பிடப் பையில் மிட்டாய் வைத்திருக்கட்டும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் எளிதில் காயாது, உடம்பு சூடாகிக்கொண்டே போகும். ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நிற்கும் இடத்திலெல்லாம் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். காலை ஏழு மணிக்குமேல் நன்றாக வெளிச்சம் வந்தபின் கிளம்பி, பிற்பகல் மழைக்குமுன் திரும்பிவிடுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். எந்தப் பாதையில் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் மாநில அரசிடமும் மலைப் பாதைகளைப் பராமரிப்பவர்களிடமும் ஒரு கோரிக்கை. 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது நமக்கெல்லாம் பெருமை. கேபிள் கார் திட்டமும் சுற்றுப்பயணிகளுக்கு உதவட்டும். ஆனால் மழையானாலும் வெயிலானாலும் வாரம் தவறாமல் இந்தப் பாதைகளில் நடப்பவர்கள் உள்ளூர் முதியவர்கள். பாசி பிடித்து வழுக்கும் இடங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செங்குத்தான இறக்கங்களில் ஒரு பக்கமாவது இரும்புக் கைப்பிடி வேண்டும். கண்ணில் படும் தூரங்களில் எண்ணிட்ட பலகைகள் நட்டால், அவசர எண் 999-ஐ அழைப்பவர் தான் எங்கே விழுந்து கிடக்கிறார் என்பதைச் சொல்ல முடியும். மீட்புப் படையினர் தேடி அலையும் நேரமும் மிச்சமாகும். வயது வரம்பு கேட்ட வாசகர் விரும்பியதும் அதைத்தானே. சட்டமன்ற உறுப்பினர்களில் யாராவது இதை எடுத்துப் பேச முன்வந்தால், கையெழுத்துச் சேகரித்துக் கொடுக்க எங்கள் வட்டாரப் பெண்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு