தம்பிக்கு, புதுக் கோச் தேடும் நேரத்தில்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் தம்பி,

அம்மாவும் நானும் சுகம். வாடை தொடங்கிவிட்டது, கிணறு வாய்வரை நிற்கிறது. உங்கள் உதைபந்தாட்டக் கழகம் கோச்சை நிப்பாட்டிவிட்டதாக அக்காதான் சொன்னா. மூன்று கிழமையாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை கூட என்று நினைத்துக்கொள்கிறோம். வீடியோ வெட்டிக் கணக்குப் பார்க்கிற உன்னையும் தெரிவுக் குழுவில் போட்டிருக்கிறார்களாம். அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டா. எனக்கும் பெருமைதான்.

ஆளைப் பார்க்க முதல் ரீமைப் பார். கடைசி 10 ஆட்டங்களில் வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாக எழுது. கோர்னரில் வந்ததா, பந்தைப் பறிகொடுத்த கையோடு வந்ததா, 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு கால் ஓய்ந்து வந்ததா? கோர்னரில்தான் பாதி போகிறதென்றால் அதற்கென்று ஒரு உதவிக் கோச்சே போதும். கடைசி நேரத்தில் என்றால் பயிற்சிச் சுமையைத் தோண்டு. வாய்ப்பின் தரத்தை வைத்துப் போடும் கோல் கணக்கையும் பார். அதில் ஒரு பெனால்டிக்கே முக்கால் கோலுக்குச் சற்றுக் கூடத்தான் மதிப்பு. நல்ல வாய்ப்புகள் வந்தும் பந்து உள்ளே போகாமல் தோற்ற ரீம், யார் வந்தாலும் கொஞ்சம் எழும்பும். அந்த எழும்பலைப் பார்த்து இடைக்காலக் கோச்சுக்கு 3 வருட ஒப்பந்தம் கொடுக்கிறார்களே, கழகங்கள் திரும்பத் திரும்ப விடுகிற பிழை அது.

சபி அலொன்சோ 2022 ஒக்டோபரில் கோச்சாக வந்தபோது ஜெர்மன் கழகம் லெவர்குசன் 17ஆம் இடத்தில் கிடந்தது. பின்னால் மூன்று பேரை வைத்து ஆடினார். வலது ஓரத்தில் ஓடி ஏறி ஓடி இறங்க ஃப்ரிம்போங் ஏற்கெனவே அங்கே இருந்தார். 2023-24இல் லீக்கில் ஒரு ஆட்டமும் தோற்காமல் பட்டம் எடுத்தார்கள். போர்த்துக்கல் கோச் அமோரிமும் பின்னால் மூன்று பேரோடுதான் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டட் போனார். அங்கே இருந்தது நாலு பேர் பின்களத்துக்குச் சேர்த்த ரீம். அந்தப் பருவம் 15ஆம் இடம்.

நேர்காணலில் கொள்கை பேச விடாதே. உங்கள் கடைசி 3 ஆட்ட வீடியோவையும் இரண்டு நாள் முன்பே அனுப்பு. முதல் கிழமைப் பயிற்சியை நாள்நாளாக எழுதிக் கொண்டுவரச் சொல்லு: ஆட்டத்துக்கு மறுநாள் ஆடினவனுக்கு என்ன, பெஞ்சில் இருந்தவனுக்கு என்ன, அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் எத்தனை நிமிடம். வந்த முதல் நாளே ஒன்றரை மணித்தியாலம் ஓடவிடுகிறவர் என்றால் தொடைத் தசை பிடித்து விழுகிறவர்கள் கூடுவார்கள். அவர் தரும் ஆட்களிடம் மட்டும் விசாரிக்காதே. பழைய கழகத்தில் உடுப்புப் பார்த்தவரிடம் கேள், ஆடக் கிடைக்காத பெடியன்களிடம் கேள். தோற்ற நாளில் அறைக்குள் எப்படி நின்றார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் என்ன, இடையில் நிப்பாட்டினால் நட்டஈடு எவ்வளவு, இரண்டையும் இப்போதே எழுத்தில் வை. தன்னோடு யார் யாரைக் கூட்டி வருகிறார் என்று கேள். உதவிக் கோச், கோல்காப்புக் கோச், வீடியோ ஆள் என்று ஒவ்வொருவராகக் கேள்.

ஆளைப் பார்க்க முதல் ரீமைப் பார், தம்பி.

நிப்பாட்டின கோச்சோடு கதைத்தாயா? உன்னை அங்கே கூட்டிப் போனவர். யார் முழங்கால் நோவை மறைத்து ஆடுகிறான், யாருக்கு ஒப்பந்தம் முடிகிறதென்று மனம் விட்டுப்போயிருக்கிறது, இதெல்லாம் உன் கணக்கில் வராது. அவரிடம்தான் இருக்கும்.

ஏகாம்பரம் மைதானத்தில் கோச்சை மாற்று என்று கத்தினவர்களில் நானும் ஒருவன். மாற்றினார்கள். அந்த மனிதர் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தார். நான் ஒரு நாளும் படியேறிப் போய்ப் பார்க்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டேன். சாவீட்டுக்குத்தான் போனேன். நீ கதைக்காமல் இருப்பதைக் குறையாகச் சொல்ல வந்த எனக்கு, அந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிகிறது.

அவருக்கு இன்றைக்கே எடு. புதியவரிடம் அந்த வீடியோ ஆள் விஷயத்தை மறவாமல் கேள். ஞாயிறு இரவு போனை என் பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.

அப்பா