குட்டிக்கு மொட்டை மாடிச் சாவி கொடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

யாரோ ஒருவர் நாய்க்குட்டி வாங்கி வந்த மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் நான்கே வரி. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது. மொட்டை மாடிக்கும் பூங்காவுக்கும் அனுமதி இல்லை. தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. குரைத்தால் அபராதம். முதல் மூன்று வரிகளை ஒருவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் நான்காவது வரிக்கு நிச்சயம் வேலை வரும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை, எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ அதெல்லாம் அதற்கு ‘நம்ம ஊர்’. அந்த நாட்களில் பார்க்காதது பிற்பாடு பயம். ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், கைத்தடி ஊன்றும் தாத்தா, குடை, குப்பை வண்டி, லிஃப்ட் கதவு திறக்கும்போது வரும் ‘டிங்’, எதிர்வீட்டு மிக்ஸி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதற்கு முன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடித்துப் பழகி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் கேட்டுக்குள் அது வரும்போது மிச்சம் இருப்பது 6 வாரம். அந்த 6 வாரத்தையும் இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு 5-வது மாதம் கதவைத் திறந்தால், ஹெல்மெட் பையன் அதற்குப் பூதமாகத்தான் தெரிவான். குரைக்காமல் என்ன செய்யும்?

தடுப்பூசி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள். பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16-வது வாரம் வரை. வெறிநோய் ஊசி 3-வது மாதம், அதன்பின் மருத்துவர் சொல்லும் தேதியில் ஆண்டுதோறும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அதுவே தடுப்பூசியையும் முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இடைவெளி விட்டுத் தொடர்ந்து போடுகிறார்கள். இடையில் ஒரு வாரம் குட்டிக்குத் தாயின் காப்பும் இல்லாமல் ஊசியின் காப்பும் இல்லாமல் போகலாம். பார்வோ என்னும் குடல் வைரஸ் நோய் பிடிப்பது அப்போதுதான். வாந்தி, துர்நாற்றத்துடன் இரத்தப்பேதி, இரண்டே நாளில் துவண்டுவிடும்.

ஆனால் ‘வெளியே’ என்பது ஒரே இடம் இல்லை. பார்வோ, நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே ஆபத்து தெருமுனையில், விளக்குக் கம்பத்தடியில், பூங்கா மண்ணில், கிளினிக் தரையில் இருக்கிறது. தெருநாய் ஏறாத மொட்டை மாடியில் அது மிகக் குறைவு. கையில் தூக்கிக்கொண்டு போகும் லிஃப்டிலும் லாபியிலும் அதைவிடக் குறைவு.

ஆகவே முதல் கோரிக்கை: காலை 6 முதல் 7 வரை மொட்டை மாடியின் ஒரு மூலை குட்டிகளுக்கு. வடாம் பிழியும் மாதங்களில் மாமிகள் 7 மணிக்குப் பிறகுதான் பாயை விரிப்பார்கள், மோதல் வராது. அந்த நேரத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏறிய கான்கிரீட் குட்டியின் பாதத்தைப் பொசுக்கும். புறங்கையைத் தரையில் வைத்து 5 விநாடி தாங்க முடியாவிட்டால் அங்கே நாயை நடக்கவிடக் கூடாது. மூலையில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டு, 4 அங்குல உயரத்துக்கு மணல். வாரம் ஒருமுறை மணலை மாற்றுவது குட்டி வைத்திருப்பவர்களின் பொறுப்பு. கைப்பிடிச் சுவரில் மழைநீர் வெளியேறும் ஓட்டை பெரிதாக இருந்தால் கம்பி வலை போடுங்கள், 2 மாதக் குட்டி அதில் நுழைந்துவிடும். சோலார் பேனல் ஒயர் தொங்கினால் உயரத் தூக்கிக் கட்டுங்கள். 4-வது மாதம் பால் பற்கள் 28-ம் விழத் தொடங்கி, 7 மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அந்த இடைவெளியில் ஒயர், செருப்பு, கதவு நிலை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம். 2 மாதக் குட்டியால் பகலில் 2 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால் மணியில், விளையாடி முடித்ததும் கட்டாயம் போகும். ஒன்பதாவது மாடிக்காரரைக் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கும் சர்வீஸ் லிஃப்டுக்கு அனுப்பினால் குட்டி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடும். அருகில் இருக்கும் லிஃப்டில், கையில் தூக்கியபடி, தரையில் விடாமல் இறங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. கையில் இருக்கும்போது குட்டி சாதாரணமாகப் போகாது, கீழே விட்ட மறுகணம் போகும். நாய் என்றால் பயப்படும் ஒருவர் லிஃப்டுக்குள் இருந்தால் வளர்ப்பவர் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இதை விதியாகப் போடுங்கள், நாங்களே கையெழுத்திடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஒரு வரியில் வைத்துவிடுகிறோம். நாய் வளர்ப்பதையே தடுக்கவோ, இனத்தையோ உருவத்தையோ குரைப்பதையோ காட்டி வெளியேற்றவோ, லிஃப்டை மறுக்கவோ சங்கங்களுக்கு இடமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்த வீட்டில் குட்டி நிம்மதியாக வளர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்கேயாவது ஈரம் பண்ணிவிட்டால் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஃபினாயிலை ஊற்றுகிறார். நமக்கு வாடை போய்விடுகிறது, குட்டிக்குப் போவதில்லை. அதே இடத்துக்குத் திரும்ப வரும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் கழுவி, பிறகு வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துடைக்க வேண்டும். மார்பிள் தரையில் வினிகர் கூடாது, பளபளப்பைத் தின்றுவிடும். அங்கே செல்லப் பிராணிகளுக்கான என்சைம் கிளீனர்தான். யார் வீட்டுக் குட்டியோ அவர்தான் துடைக்க வேண்டும், அக்கா இல்லை.

பார்வோ வந்த குட்டி புழங்கிய இடம் என்றால் ஃபினாயில் சுத்தமாக உதவாது, அந்த வைரஸ் அதற்கு அசையாது. சோப்பு போட்டுத் தேய்த்து அழுக்கை முழுக்க எடுத்துவிட்டு, வீட்டு உபயோகத் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் ப்ளீச் அதிலேயே வீணாகிவிடும். வரிசை மாறக் கூடாது.

மலம் அள்ளுவதில் நாய் வளர்ப்பவர்கள் பக்கம்தான் தப்பு அதிகம், மறைக்க விரும்பவில்லை. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நடந்துபோய்விடுகிறார்கள். உருண்டைப் புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்தவுடனே தொற்றாது, மண்ணில் 2 வாரம் போலக் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி குடற்புழு மருந்தில். 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: கேட் அருகே மூடி போட்ட தனிக் குப்பைத் தொட்டி, குழந்தைகளின் மணல் தொட்டிக்கு இரவில் ஒரு தார்ப்பாய். அள்ளியதை மாடித் தோட்டத்துக்கான உரக்குழியில் போட விடாதீர்கள். அந்தக் குழியின் சூடு புழு முட்டையைக் கொல்லப் போதாது.

இனி உண்ணி. இந்த மடலில் சங்கத்தால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று உண்டென்றால் இதுதான். சென்னையின் பழுப்பு உண்ணி ஆண்டு முழுக்க இருக்கும். அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின்மேல் கழிப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் காவலாளி அறையின் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலும் கழிக்கிறது. குஞ்சாக ஒருமுறை, இளம் பருவத்தில் ஒருமுறை, முதிர்ந்தபின் ஒருமுறை நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடும். வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் பி-பிளாக்கில் ஒரு வீட்டார் மட்டும் மருந்து போட்டு எந்தப் பயனும் இல்லை. அடுத்த வாரம் சுவரிலிருந்து புதுப்படை வரும்.

செய்ய வேண்டிய விதம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். கட்டடத்தில் இருக்கும் எல்லா நாய்களுக்கும் அதே வாரத்தில் மருத்துவர் சொன்ன மாத்திரையோ சொட்டு மருந்தோ. கேட்டில் படுக்கும் தெருநாய்களுக்கும் சேர்த்து. அன்றே பூச்சிக்கொல்லி ஆட்களை அழைத்து, தரையில் மட்டும் இல்லாமல் சுவர் இடுக்குகளிலும் உத்தர மட்டம் வரை அடிக்கச் சொல்லுங்கள், உண்ணி மேலே ஏறும். 3 வாரம் கழித்து மறுபடி ஒருமுறை, முதல் முறை தப்பிய முட்டைகளுக்காக. இந்த மருந்துகளில் பல பூனைக்கும் மீன் தொட்டிக்கும் விஷம். அந்த வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போடச் சொல்லுங்கள். குட்டி திடீரென்று சோற்றைத் தொடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளிறியிருந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

கேட் நாய்களைப் பற்றிச் சொன்னோம். 2023-ம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள், அவற்றுக்கு உணவிடும் இடத்தை ஒதுக்குவதில் நலச் சங்கங்களுக்கும் பொறுப்பு தந்திருக்கின்றன. விளையாட்டுத் திடலிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி அந்த இடம் இருக்க வேண்டும். மாநகராட்சி போடும் வெறிநோய் ஊசி அவற்றைப் பார்வோவிலிருந்து காக்காது. சங்க நிதியில் ஆண்டுக்கு ஒருமுறை பார்வோ ஊசியையும் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குட்டிகளுக்கும் அது வேலி.

குரைப்பு. தனியாக விடப்பட்ட குட்டி அழும். அபராதம் விதித்தால் வளர்ப்பவர் அதைக் குளியலறையில் வைத்துப் பூட்டுவார், அழுகை இரட்டிப்பாகும். தனிமையைப் பழக்க வேண்டும்: முதல் நாள் 1 நிமிடம் கதவைச் சாத்தி, அழுவதற்கு முன் திறந்து, பிறகு 3, 5, 10 நிமிடம் என்று மெல்ல நீட்ட வேண்டும். வெங்காயமும் பூண்டும் உப்பும் படாத தயிர்சாதத்தைக் கெட்டி ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும். இதெல்லாம் பலிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். புகார் வந்தால் எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ‘எப்பப் பார்த்தாலும் குரைக்குது’ என்பது, எழுதிப் பார்த்தால் பால்காரர் வரும் 10 நிமிடமாகச் சுருங்கிவிடுவதுண்டு. 10 நிமிடத்துக்குத் தீர்வு காணலாம். ‘எப்பப் பார்த்தாலும்’ என்பதற்குத் தீர்வு இல்லை.

குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினால் குட்டி துரத்தும், அது விளையாட்டு. துரத்தினால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லிக் கொடுங்கள். பல் பட்டாலோ கீறினாலோ, ஊசி போட்ட குட்டியாகவே இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டிய தாள் இதுதான்.

தீபாவளி நெருங்கினால் ஒன்று. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அதைக் காவலாளி மூலம் உறுதிசெய்து, வெடிக்கும் இடத்தைக் கட்டடங்களுக்கு நடுவில் வைக்காமல் ஓரத்துக்கு மாற்றினாலே போதும், எதிரொலி குறையும். குட்டிகளை மாலை 5 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுவோம்.

சந்தோஷம் என்று எதையும் நாங்கள் எழுதவில்லை, குழுவில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்காது என்பதால். பத்து வருடம் ஒரே தளத்தில் இருந்தும் பெயர் தெரியாதவர் குட்டி வந்த மூன்றாம் நாள் ‘டைகர் அப்பா’ ஆகிவிடுவார். பள்ளிப் பையை இறக்கி வைக்காமலே நான்கு வீட்டுப் பிள்ளைகள் அவர் வாசலில் நிற்பார்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போதும்: மொட்டை மாடி மூலை, உண்ணி ஞாயிறு, கேட் அருகே குப்பைத் தொட்டி. வளர்ப்பவர்கள் தங்கள் பங்காக, மாநகராட்சி உரிமம், ஊசி அட்டை, தோலுக்கடியில் பதிக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் மூன்றின் நகலையும் சங்க அலுவலகத்தில் கொடுக்கட்டும். மொட்டை மாடிச் சாவி இரவுக் காவலாளியிடமே இருக்கட்டும், ஷிஃப்ட் மாறும் 6 மணிக்கு அவர் போய்விடுவார். ஐந்தே முக்காலுக்குத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாய்க்குட்டி வளர்ப்பிலும் பயிற்சியிலும் இருப்பவர்கள்
சென்னை