கபடிக்கு எந்த லென்ஸ்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கபடியும் கால்பந்தும் படமெடுக்கக் கிளம்பிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுடைய நிக்கான் டி5600 கேமராவுக்கு 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைவிட எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடும் என்பதுதான் முதல் கேள்வி.

கபடி பெரும்பாலும் ராத்திரி விளக்கில்தான். ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கும் கை கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் குறைந்தது 1/800 வினாடி வேண்டும். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதுதான் ‘எஃப்’ எண்; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். எஃப் 1.8-இல் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்தால் கிடைக்கிற படத்துக்கு, அந்த ஜூமின் எஃப் 6.3-இல் ஐஎஸ்ஓ 40,000 பக்கம் போகவேண்டும். அவள் கேமராவின் எல்லையே 25,600. அதுவரை ஏற்றினாலே படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். லென்ஸில் ‘விஆர்’ என்ற அதிர்வுக் குறைப்பு இருக்கிறதே என்று நினைக்காதே. அது நம் கைநடுக்கத்தைத்தான் தாங்கும், ஓடுகிற ஆளை நிறுத்தாது.

அதனால் முதலில் 85 மி.மீ. எஃப் 1.8 வாங்கு. ஆடுகளமே 13-க்கு 10 மீட்டர்தான். பத்து மீட்டரில் நின்று கேமராவை நெடுக்காகப் பிடித்தால் ஆள் முழுசாக, தலைக்கு மேல் இடம் விட்டு விழுவார். ஒரு சிக்கல் உண்டு: அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஃபோகஸை ஏஎஃப்-சி-யில் (நகரும் ஆளை விடாமல் தொடரும் முறை) போட்டு, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, ரெய்டரின் மார்பைத் துரத்தச் சொல். எல்லாப் புள்ளியையும் திறந்துவிட்டால் முன்னால் நீளும் கை எதையாவது கேமரா பிடித்துக்கொள்ளும். ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருட்டாகவும் வந்தால் லென்ஸைக் குறை சொல்லவேண்டாம். சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். நாலைந்தாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது தேறும்.

பழைய லென்ஸ் பார்ப்பதானால் கவனம். 85-இல் ‘டி’ வகை மலிவாகக் கிடைக்கும்; டி5600 பாடிக்குள் மோட்டார் இல்லாததால் அதில் ஃபோகஸைக் கையால்தான் திருப்பவேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’, ‘ஜி’ என்று எழுதியிருப்பதையே வாங்கு; அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்த்து அடித்து, முன்பக்கமாகப் பார். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பகல் கால்பந்துக்கு நீ சொன்ன 70-300 தாராளமாகப் போதும். ‘ஏஎஃப்-பி’ வகையாக இருக்கட்டும்; அதிலும் மோட்டார் உள்ளேயே உண்டு. ஷட்டர் 1/1000. கோல் கோட்டுக்குப் பின்னால், மூலைக் கொடிப் பக்கம் உட்கார்ந்தால் 50 மீட்டர் வரை வரும் வீரர்கள் ஃபிரேமை நிறைப்பார்கள்.

70-200 எஃப் 2.8 இரண்டுக்கும் ஆகும்தான். ஆனால் ஒன்றரைக் கிலோ எடை, விலையும் ஏறிக் கிடக்கிறது. ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். மோனோபாடை (ஒற்றைக்கால் தாங்கியை) லென்ஸின் வளையத்தில் மாட்டவேண்டும். பாடியில் மாட்டினால் பாரமெல்லாம் லென்ஸும் கேமராவும் சேரும் மவுண்ட் மேல் விழும்.

85-இல் அவள் எடுக்கும் முதல் பத்துப் படத்தை, தேறாததையும் சேர்த்து, எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்